அரசுக்குச் செலவு வைக்காத உரிமை

1892ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவின் சீனர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து, அமெரிக்காவிலிருந்த சீனத் தொழிலாளர் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள் விடுத்தன. அரசிடம் யாரும் பதிவு செய்துகொள்ள வேண்டாம். ஆளுக்கு ஒரு டாலர் கொடுங்கள், நல்ல வக்கீலாக வைத்துச் சட்டத்தையே செல்லாததாக்கிவிடலாம் என்பது அதன் சாரம். அந்த ஆண்டில்தான் கியரி சட்டம் வந்திருந்தது. ஒவ்வொரு சீனத் தொழிலாளியும் வசிப்பிடச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் நாடுகடத்தல். தப்புவதென்றால், இவர் நெடுநாளாக இங்கே வசிப்பவர்தான் என்று வெள்ளையர் ஒருவராவது சாட்சி சொல்ல வேண்டும். சங்கம் திரட்டிய பணத்தில், அந்நாளின் பெரும் வழக்கறிஞர்களில் ஒருவரான ஜோசப் சோட் அமர்த்தப்பட்டார். நியூயார்க்கில் சலவைத் தொழில் செய்த ஃபாங் யூ டிங் உள்ளிட்ட மூவரின் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1893 மே 15 அன்று 5க்கு 3 என்ற கணக்கில் தோற்றது.

நாடுகடத்தல் என்பது குற்றத்துக்கான தண்டனை அல்ல என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. தன் மண்ணில் யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்று ஒரு நாடு எடுக்கும் நிர்வாக முடிவு அது; அவ்வளவுதான். வீடு, தொழில், குடும்பம் எல்லாவற்றிலிருந்தும் ஒருவரைப் பிய்த்தெடுத்து அனுப்புவது தண்டனையில்லாமல் வேறென்ன என்று மாறுபட்ட நீதிபதிகள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நேரான பதில் கிடைக்கவில்லை. கியரி சட்டம் 1943இல் ஒழிந்தது. அதைக் காப்பாற்றிய வாதம் ஒழியவில்லை. அமெரிக்கக் குடியேற்ற நீதிமன்றங்களில் லட்சக்கணக்கானோர் வக்கீல் இல்லாமல் நிற்பதற்குச் சட்ட அடிப்படை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

குற்ற வழக்கின் கதை வேறு. ஃபுளோரிடாவின் பனாமா சிட்டியில், பில்லியர்ட்ஸ் விளையாட்டுக் கூடமொன்றில் புகுந்து திருடியதாகப் பிடிபட்ட கிளாரன்ஸ் கிடியன், வக்கீல் வைக்க வசதியில்லாமல் தானே வாதாடித் தோற்றார். சிறையிலிருந்தபடி பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். 1963இல் அவர் பக்கம் தீர்ப்பானது: கடுங்குற்றம் சாட்டப்பட்டவர் ஏழையென்றால் அரசே அவருக்கு வக்கீல் அமர்த்த வேண்டும். அதே ஆண்டு நடந்த மறுவிசாரணையில், வக்கீலோடு வந்த கிடியனை ஜூரி விடுதலை செய்தது. அதே ஊர், அதே குற்றச்சாட்டு. முக்கியமாக மாறியிருந்தது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள்.

கிடியன் தீர்ப்பு குடியேற்ற நீதிமன்றத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. நாடுகடத்தல் வழக்கு சிவில் வழக்கு என்பதே காரணம். குடியேற்றச் சட்டத்தின் 292ஆம் பிரிவு, வழக்கை எதிர்கொள்பவர் தம் விருப்பப்படி வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று தாராளமாகவே சொல்கிறது. ஆனால் அரசுக்கு எந்தச் செலவும் இல்லாமல் என்று சேர்த்துக்கொள்கிறது. இந்த நிபந்தனையின் விசித்திரம் நீதிமன்றத்துக்குள் போனால் தெரியும். நீதிபதி நீதி அமைச்சகத்தின் ஊழியர், சம்பளம் அரசுடையது. நாடுகடத்த வேண்டும் என்று வாதிடும் வழக்கறிஞர் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஊழியர். அவருக்கும் அரசே சம்பளம் தருகிறது. மொழிபெயர்ப்பாளருக்கு, காவலருக்கு, கடைசியில் திருப்பி அனுப்பும் விமானத்துக்குக்கூட அரசு பணம் கொடுக்கிறது. அந்த அறையில் அரசு பணம் கொடுக்க மறுப்பது ஒரே ஒருவருக்குத்தான்.

நீதிபதியைப் பற்றி ஒரு வார்த்தை. குடியேற்ற நீதிமன்றங்களும் அவற்றுக்கு மேலிருக்கும் முறையீட்டு வாரியமும் நீதித்துறையின் பகுதி அல்ல, நிர்வாகத்தின் பகுதி. வாரியத்தின் முடிவை, நீதி அமைச்சகத்தின் தலைவரான அட்டர்னி ஜெனரல் தம் கைக்கு வரவழைத்து மாற்றி எழுதலாம். 2024 இறுதியில் ஏறத்தாழ 700 நீதிபதிகளின் முன் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடந்தன. மரண தண்டனை வழக்குக்கு நிகரானவற்றைப் போக்குவரத்து நீதிமன்றத்தின் வசதிகளை வைத்துக்கொண்டு நடத்துகிறோம் என்று, குடியேற்ற நீதிபதிகள் சங்கத்தின் தலைவராக இருந்த டேனா லீ மார்க்ஸ் பல முறை சொல்லியிருக்கிறார். அவர் மிகைப்படுத்துபவர் அல்ல. புகலிடக் கோரிக்கையைத் தவறாக நிராகரித்தால் மனுதாரர் செத்துப்போகக்கூடும்.

இந்தச் சூழலில் வக்கீலின் வேலை சினிமாவில் வருவதுபோல் மேசையைத் தட்டி முழங்குவதல்ல. மனுதாரரின் வாழ்க்கையில் எந்தச் செய்தி சட்டத்துக்கு வேண்டியது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாதி வேலை. அடி வாங்கியது மட்டும் புகலிடத்துக்குப் போதாது. இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு என்ற ஐந்தில் ஒன்றின் பொருட்டு அடிபட்டதாகக் காட்ட வேண்டும். நாட்டுக்குள் வந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் 12 பக்கம், விடைகளெல்லாம் ஆங்கிலத்தில். ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு, அதோடு மொழிபெயர்த்தவரின் உறுதிமொழி. காவலில் இருப்பவர் இவற்றையெல்லாம் கட்டணத் தொலைபேசியையும் நூலக மேசையையும் வைத்துக்கொண்டு செய்தாக வேண்டும்.

அடிபட்டவர் தம் கதையை எப்படிச் சொல்வார் என்பதற்கு இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கே சாட்சி. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்று துரைசிங்கம் வழக்கு என்று படிக்கப்படுவது அது. 2017 தொடக்கத்தில் மெக்சிகோ எல்லையைக் கடந்த அவரை, எல்லையிலிருந்து 25 கஜத்துக்குள்ளேயே காவலர்கள் பிடித்தார்கள். 1996இல் வந்த விரைவு வெளியேற்ற முறையின்கீழ், நீதிமன்ற விசாரணை இல்லாமலேயே அப்படிப்பட்டவரைத் திருப்பி அனுப்பலாம். திரும்பிப் போக அஞ்சுகிறேன் என்று சொன்னால் மட்டும் ஓர் அதிகாரி நேர்காணல் நடத்துவார். நேர்காணலில் அவர், வேனில் வந்தவர்கள் தம்மைக் கடத்திப்போய் அடித்ததாகச் சொன்னார். யார் அவர்கள், எதற்காக அடித்தார்கள் என்ற கேள்விக்குத் தெரியாது என்றார். சொன்னதை நம்பிய அதிகாரி, ஐந்து காரணங்களில் எதனோடும் அது பொருந்தவில்லை என்று கோரிக்கையைத் தள்ளிவிட்டார்.

பின்னர் சிவில் உரிமை அமைப்பான ஏ.சி.எல்.யூ.வின் வழக்கறிஞர்கள் அவருக்காக ஆட்கொணர்வு மனு போட்டபோது அதே சம்பவம் வேறு உருவத்தில் வந்தது. தமிழ் அரசியல் வேட்பாளர் ஒருவருக்காக அவர் உழைத்தவர். கடத்தியவர்கள் கட்டிவைத்து அடித்ததோடு, அவருடைய அரசியல் ஈடுபாட்டைப் பற்றியே விசாரித்தார்கள், கிணற்றுக்குள் இறக்கினார்கள், மூச்சுத் திணறடித்தார்கள், அவர் கண் விழித்தது மருத்துவமனையில். இலங்கையைப் பற்றி ஒரு பத்தி படித்தவருக்குக்கூட அங்கே வேனில் ஆள் கடத்துவதன் அரசியல் பொருள் தெரியும். நேர்காணல் அறையில் யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை. அதிகாரிக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் தமக்கும் இடையே பேச்சு சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதும் அவருடைய முறையீட்டில் ஒன்று.

இந்த விவரங்கள் உண்மையா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. விசாரிக்கலாமா என்பதே வழக்கு. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அவர் வென்றார். 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று அதை மாற்றியது: எல்லையைத் தாண்டியவுடன் பிடிபட்டவருக்கு, நாடாளுமன்றம் கொடுத்ததற்கு மேல் வேறு நடைமுறை உரிமை கேட்க இடமில்லை. இந்த வழக்கு வக்கீல் உரிமையைப் பற்றியதல்ல என்று சட்ட வல்லுநர்கள் திருத்துவார்கள், அது சரியே. ஆனாலும் ஒரே ஆள், ஒரே சம்பவம் வக்கீல் இல்லாமல் என்னவாகவும், வக்கீலோடு என்னவாகவும் பதிவாகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் ஆவணம் வேறு கிடைப்பது அரிது.

தனி வழக்குகளை விட்டுவிட்டு எண்ணிக்கைக்குப் போகலாம். சட்டப் பேராசிரியர் இங்கிரிட் ஈக்லியும் ஸ்டீவன் ஷேஃபரும் 2007 முதல் 2012வரை முடிந்த 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நாடுகடத்தல் வழக்குகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் 37 விழுக்காட்டினருக்கு மட்டுமே வக்கீல் இருந்தார். காவலில் இருந்தவர்களில் 14 விழுக்காடு. பிணைக் கோரிக்கை விசாரணைக்குப் போன காவல்வாசிகளில் வக்கீல் உள்ளவர்களில் 44 விழுக்காட்டினர் வெளியே வந்தார்கள், இல்லாதவர்களில் 11 விழுக்காட்டினர். ஜார்ஜியா மாநிலத்தின் லம்ப்கின் என்ற சிற்றூரில், காவல்கூடத்துக்குள்ளேயே இயங்கும் நீதிமன்றத்தில் வக்கீல் வைத்திருந்தவர்கள் 6 விழுக்காட்டினர்தான். அட்லாண்டாவிலிருந்து அங்கே காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். நிலம் மலிவான, வக்கீல்கள் இல்லாத ஊர்களில்தான் பல காவல்கூடங்கள் கட்டப்படுகின்றன. வேண்டுமென்றே செய்கிறார்களா என்பது ஒருபுறம் இருக்கட்டும், விளைவு ஒன்றே.

இதே ஆய்வாளர்கள் 2020இல் மற்றொரு பழைய குற்றச்சாட்டையும் சோதித்தார்கள். வெளியே விட்டால் குடியேறிகள் நீதிமன்றத்துக்கு வரமாட்டார்கள் என்று அரசியல்வாதிகள் சொல்லாத தேர்தல் இல்லை. 2008 முதல் 2018வரையான பதிவுகளின்படி, காவலில் இல்லாதவர்களில் 83 விழுக்காட்டினர் எல்லா வாய்தாவுக்கும் வந்திருந்தார்கள். வக்கீல் வைத்திருந்தவர்களில் 96 விழுக்காடு.

இந்த எண்களை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. வக்கீல்கள் ஜெயிக்கக்கூடிய வழக்கைத்தானே எடுப்பார்கள்? பணமும் உறவும் படிப்பும் உள்ளவர்தானே வக்கீல் வைக்கிறார்? ஆக, வெற்றிக்குக் காரணம் வக்கீலா, வழக்கா? நேர்மையான ஐயம்தான். எத்தனை லட்சம் பழைய கோப்புகளைப் புரட்டினாலும் இதற்கு முழு விடை வராது. வழக்கின் தகுதியைப் பார்க்காமல் வருகிற எல்லோருக்கும் வக்கீல் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதை நியூயார்க் செய்தது.

செய்ய வைத்தவர் ராபர்ட் கேட்ஸ்மன் என்ற நீதிபதி. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர் ஒருவரின் மகன். 2002இல் குடியேற்ற முறையீட்டு வாரியம் வழக்குகளை வேகவேகமாகத் தள்ளிவிடத் தொடங்கியதும், அவர் அமர்ந்திருந்த இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் குடியேற்ற மனுக்கள் வெள்ளமாகக் குவிந்தன. ஒரு கட்டத்தில் மொத்த வழக்குகளில் ஐந்தில் இரண்டு பங்கு அவைதான். அவற்றில் பலவும் சரியான வக்கீலைப் பார்க்காமலே கெட்டுப்போய் வந்தவை. கீழ்மன்றத்தில் பதிவாகாத உண்மையை மேல்மன்றத்தில் சேர்க்க முடியாது என்பதால் அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய இயலவில்லை. 2007இல் நியூயார்க் வழக்கறிஞர் சங்கத்தில் ஆற்றிய உரையில் அவர் இதைப் போட்டு உடைத்தார். பதவியிலிருக்கும் கூட்டாட்சி நீதிபதி இப்படிப் பொதுவில் பேசுவது வழக்கமில்லை. பிறகு ஆய்வுக் குழு ஒன்றைக் கூட்டினார். அதன் 2011 அறிக்கை ஓர் எதிரெதிர் ஜோடியைக் காட்டியது: வக்கீலோடு, காவலுக்கு வெளியே இருந்தவர்களில் 74 விழுக்காட்டினரின் வழக்கு சாதகமாக முடிந்தது, வக்கீல் இல்லாமல் காவலில் இருந்தவர்களில் 3 விழுக்காட்டினருடையது.

2013இல் நியூயார்க் நகர மன்றம் 5 லட்சம் டாலர் ஒதுக்கி, மன்ஹாட்டனின் வாரிக் தெரு நீதிமன்றத்தில் சோதனை தொடங்கியது. அடுத்த ஆண்டு ஒதுக்கீடு 49 லட்சமானது. பிராங்ஸ் டிஃபெண்டர்ஸ், புரூக்ளின் டிஃபெண்டர் சர்வீசஸ், லீகல் எய்ட் சொசைட்டி ஆகிய மூன்று அமைப்புகளும் முறைவைத்து வேலை செய்தன. முதல் வாய்தா அன்று காவலிலிருந்து கொண்டுவரப்படுபவரின் வருமானத்தை மட்டும் பார்ப்பார்கள். வழக்கு வெல்லுமா என்று கேட்பதில்லை. ஆய்வு நிறுவனமான வேரா 2017இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, திட்டத்துக்கு முன் வக்கீல் இல்லாதவர்களிடையே 4 விழுக்காடாக இருந்த வெற்றி, திட்டத்தின்கீழ் வந்தவர்களிடையே 48 விழுக்காட்டை எட்டும். பல வழக்குகள் முடியாத நிலையில் கணித்த எண் அது. ஒன்றிரண்டு விழுக்காடு இப்படி அப்படி இருக்கலாம். 4க்கும் 48க்கும் இடையிலுள்ள தூரத்தை எந்தக் கணக்குப் பிழையாலும் விளக்க முடியாது. அதுவரை தோற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தோற்க வேண்டியவர்கள் அல்லர் என்பதே இதன் பொருள். திருப்பிப் பார்த்தால், வக்கீல் இருந்தும் பாதிப் பேர் தோற்றார்கள் என்பதும் தெரிகிறது. அதுவும் நல்ல செய்திதான். சட்டம் இடம் தராத இடத்தில் வக்கீலால் மாயம் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

எல்லோருக்கும் என்ற சொல் அரசியல்வாதிகளுக்கு எளிதில் செரிப்பதில்லை. 2017இல் மேயர் பில் டி பிளாசியோ, 170 வகைக் கடுங்குற்றங்களில் ஒன்றுக்குத் தண்டனை பெற்றவருக்கு நகரப் பணத்தில் வக்கீல் கிடையாது என்றார். நகர மன்றமும் வக்கீல் அமைப்புகளும் எதிர்த்தன. குற்ற வழக்கில் கொலையாளிக்கும் அரசு வக்கீல் தருகிறது; தண்டனையை முடித்துவிட்டு வந்தவருக்கு இங்கே மட்டும் மறுப்பது என்ன நியாயம் என்பது அவர்களின் வாதம். அதில் சாரம் இருக்கிறது. பழைய தண்டனை ஒன்று நாடுகடத்தலுக்கு வழிவகுக்குமா என்பது இந்தச் சட்டத்திலேயே ஆகச் சிக்கலான கேள்வி. எதைக் கண்டுபிடிக்க வக்கீல் தேவையோ, அதையே காரணம் காட்டி வக்கீலை மறுப்பது நகைமுரண்.

அரசே வக்கீல் தர வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்ட ஓரிடம் உண்டு. கடும் மனநலக் குறைபாட்டோடு காவலில் இருப்பவர்களுக்குச் சட்டப் பிரதிநிதி அமர்த்த வேண்டும் என்று 2013இல் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிபதி டாலி ஜீ, ஃபிராங்கோ வழக்கில் தீர்ப்பளித்தார். அது கலிபோர்னியா, அரிசோனா, வாஷிங்டன் என்ற மூன்று மாநிலங்களைக் கட்டுப்படுத்தியது. மற்ற மாநிலங்களுக்கும் ஒரு திட்டத்தை அரசு தானாகவே விரித்தது. நோய் கொடுத்த குறைக்கு வக்கீல் உண்டென்றால் வயது கொடுத்த குறைக்கு ஏன் இல்லை? குழந்தைகளுக்காக நடந்த வழக்கில் அரசுத் தரப்பில் சாட்சியம் அளித்த மூத்த குடியேற்ற நீதிபதி ஜாக் வெயில், மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கே தாம் குடியேற்றச் சட்டம் கற்றுக்கொடுத்திருப்பதாகவும், நேரமும் பொறுமையும் இருந்தால் போதும் என்றும் சொன்னார். 2016இல் இது வெளியானதும் நாடே சிரித்தது. பேச்சின் சூழலை விட்டுவிட்டு எடுத்துக்கொண்டார்கள் என்றார் அவர். அந்த வழக்கு அதிகார வரம்பு என்ற காரணத்தில் தள்ளுபடியானது. பொறுமையின் பயன் என்ன என்பதைச் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் டிராக் தரவு மையம் 2014இல் சொல்லிவிட்டது: தனியாக வந்த பிள்ளைகளில் வக்கீல் இருந்தவர்களில் 73 விழுக்காட்டினரைத் தங்க அனுமதித்தார்கள், இல்லாதவர்களில் 15 விழுக்காட்டினரை.

2008ஆம் ஆண்டின் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம், தனியாக வரும் பிள்ளைகளுக்கு இயன்றவரை சட்ட உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. அந்த இயன்றவரையின் எல்லை 2025இல் சோதிக்கப்பட்டது. ஏறத்தாழ 26,000 பிள்ளைகளுக்கு வக்கீல் ஏற்பாடு செய்த அகேசியா மையத்தின் ஒப்பந்தத்தை மார்ச்சில் டிரம்ப் நிர்வாகம் நிறுத்தியது. ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நீதிபதி ஒருவர் தற்காலிகமாகத் தடுத்தார். 2003இலிருந்து காவல்வாசிகளுக்குச் சட்ட அறிமுக வகுப்பு நடத்திவந்த திட்டமும் அந்த மாதங்களில் முடக்கப்பட்டது. மனநலக் குறைபாடு உள்ளவர்களுக்கான ஏற்பாடு, ஃபிராங்கோ தீர்ப்பு கட்டுப்படுத்தும் மூன்று மாநிலங்களோடு நின்றது. பணமில்லை என்ற காரணம் எடுபடாது. அதே ஆண்டு ஜூலையில் வந்த வரவு செலவுச் சட்டம் குடியேற்றக் காவலுக்கு 4,500 கோடி டாலர் ஒதுக்கியது; குடியேற்ற நீதிபதிகளின் எண்ணிக்கைக்கோ 800 என்று உச்சவரம்பு வைத்தது.

நகரமும் மாநிலமும் கொடுக்கும் வக்கீலுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. காவலில் இருப்பவரை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது கூட்டாட்சி அரசு. நியூயார்க்கில் பிடிபட்டவரை லூசியானாவுக்கு விமானம் ஏற்றிவிட்டால், நியூயார்க்கின் வரிப்பணத்தில் அமர்த்திய வக்கீலுக்குக் கட்சிக்காரரைப் பார்ப்பதே பெரும்பாடு. வழக்கை எந்த ஊர் நீதிமன்றம் கேட்கும் என்பதும் மாறிவிடும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பாலஸ்தீன ஆதரவுப் போராட்டங்களில் முன்னின்ற மஹ்மூத் கலீல் 2025 மார்ச் 8 இரவு கைதானபோது நடந்தது இதுதான். அவர் நிரந்தர வசிப்புரிமை அட்டை வைத்திருப்பவர். கைது நடக்கும்போதே வழக்கறிஞருக்குத் தொலைபேசியில் தகவல் போய்விட்டது. விடிவதற்கு முன், 4.40 மணியளவில், ஆட்கொணர்வு மனு பதிவானது. அந்த நேரத்தில் கலீலை நியூஜெர்சிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பிறகு அங்கிருந்து லூசியானாவின் ஜீனா ஊர்க் காவல்கூடத்துக்கு. வழக்கு லூசியானாவில்தான் நடக்க வேண்டும் என்று அரசு கேட்டது. மனு பதிவான நேரத்தில் ஆள் நியூஜெர்சியில் இருந்தார் என்ற ஒரே காரணத்தால் வழக்கு நியூஜெர்சிக்குப் போனது. ஜீனாவின் குடியேற்ற நீதிபதி ஏப்ரல் 11 அன்று அவரை நாடுகடத்தலாம் என்று சொல்லியும், ஜூன் 20 அன்று நியூஜெர்சியின் கூட்டாட்சி நீதிபதி அவரைப் பிணையில் விடுவித்தார். மேல்முறையீடுகள் அதற்குப் பிறகும் தொடர்ந்தன.

விடிகாலையில் மனு எழுத வக்கீல் இல்லாத ஜீனா காவல்வாசிக்கு இந்தக் கிளைவழி இல்லை. குடியேற்ற நீதிபதி நாடுகடத்தச் சொல்லிவிட்டால், அப்போதைய விதிப்படி அவருக்கு 30 நாள் அவகாசம். அதற்குள் மேல்முறையீட்டு அறிக்கையை ஆங்கிலத்தில் நிரப்பி, தபாலில் போட்ட தேதியெல்லாம் கணக்கில் வராது என்பதால் முன்கூட்டியே அனுப்பி, வர்ஜீனியாவிலுள்ள வாரியத்தின் கைக்குப் போய்ச் சேரும்படி செய்ய வேண்டும்.